கடைக் கவர் முதல் தார் ரோடு வரை: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் கல்லூரி வகுப்புகளிலும் பிளாஸ்டிக் பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு கவரைப் பற்றி ஆராய நுகர்வோர் நடத்தை, பொருளறிவியல், சுற்றுச்சூழல் என்று மூன்று துறை எதற்கு?

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறோம். கையில் பை இல்லை. நாம் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் கட்டிலிருந்து ஒரு கவரை உருவி, ஊதிப் பிரித்துக் காயைப் போட்டுவிடுகிறார். அந்தச் சில நொடிகளில் நடப்பதைப் படிப்பது நுகர்வோர் நடத்தை. அந்தக் கவர் எதனால் ஆனது, எத்தனை டிகிரியில் இளகும், எதனோடு ஒட்டும் என்பது பொருளறிவியல். அது வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கோ கிருதுமால் நதிக்கோ போன பிறகு மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்பது சுற்றுச்சூழல் அறிவியல்.

கவர் ஒன்றுதான். அதைத் துறைவாரியாகப் பிரித்துவைத்துப் படித்தால், ஒரு துறையில் கண்ட தீர்வு அடுத்த துறையில் போய்த் தொல்லையாக நிற்கும். கீழே வரும் பதில்களில் அதற்கு உதாரணங்கள் நிறையப் பார்ப்பீர்கள்.

பிளாஸ்டிக் ரோடு மதுரையில்தான் பிறந்தது என்கிறார்களே?

ஆமாம். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறைதான் இன்று நாடு முழுக்கப் பயன்படுகிறது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே இந்த முறையில் ரோடு போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் போட்டார்கள். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2013இல், ரோடு போடுவதற்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே தனி வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. 2015 நவம்பரில் மத்திய அரசு, 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் ரோடுகளைப் புதுப்பிக்கும்போது கழிவு பிளாஸ்டிக்கைச் சேர்க்கச் சொன்னது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த முறைக்குப் புதிதாக எந்தப் பெரிய இயந்திரமும் வேண்டாம் என்பதுதான். ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்க ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டே போதும். எந்த ஒப்பந்ததாரரும் செய்யக்கூடிய வேலை.

ரோட்டில் பிளாஸ்டிக்கை எப்படிச் சேர்க்கிறார்கள்? தாரில் உருக்கி ஊற்றுவார்களா?

தாரில் கலப்பது வேறு முறை. அதில் ஒரு சிக்கல் உண்டு. கவர்களில் இருக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கும் தாரும் சூட்டில் கலந்தது போலத் தெரிந்தாலும் ஆறும்போது பிரிந்துவிடும். அதிவேகக் கலவை இயந்திரம் இல்லாமல் அதிக அளவு சேர்க்க முடியாது. மதுரை முறையில் பிளாஸ்டிக் முதலில் சேர்வது ஜல்லியோடு.

கழிவு பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்து, காய வைத்து, சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறார்கள். ஜல்லியை 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். சூடான ஜல்லி மேல் துண்டுகளைத் தூவிக் கிளறினால் அரை நிமிடம் போதும், பிளாஸ்டிக் இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போலப் படிந்துவிடும். அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் மினுமினுப்பாக இருக்கும், பிளாஸ்டிக் தனியாகத் தெரியாது. அதற்கப்புறம்தான் தார்.

இதனால் என்ன லாபம் என்பதற்கு, சாதாரண ரோடு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். கல்லின் மேற்பரப்புக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் ரோட்டில் தேங்கும் தண்ணீர் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே போய், கல்லுக்கும் தாருக்கும் நடுவில் நுழைந்து, தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடும். லாரி டயர் அழுத்த அழுத்தக் கல் பெயர்ந்து குழியாகும். கல் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் துளைகள் அடைபடுகின்றன. பிளாஸ்டிக்கும் தாரும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன் குடும்பம் என்பதால் இரண்டும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் நுழைய இடமில்லை. பூச்சுள்ள கல்லைத் தாரோடு கலந்து 72 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தாலும் தார் உரிவதில்லை என்பது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. மார்ஷல் சோதனை என்று சொல்லும் தாங்குதிறன் அளவும் கூடுகிறது.

தார் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொள்வதால் தார் செலவும் மிச்சம். ஒரு வழி ரோடு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டன் தார் ஆகும் இடத்தில், 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு கவர் 2 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரில் 5 லட்சம் கவர்.

சூடாக்கும்போது விஷப்புகை வராதா?

பிளாஸ்டிக்கை எரிப்பது வேறு, இளக்குவது வேறு. கவர்களில் அதிகம் இருக்கும் பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பிஸ்கட் உறை, நொறுக்குத்தீனி உறைகளில் இருக்கும் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். சிதைந்து வாயுவாகத் தொடங்குவது சுமார் 270 டிகிரிக்கு மேல். ஜல்லியின் சூடு 170 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதுமான இடைவெளி இருக்கிறது. அதனால் பிளான்ட்டில் வெப்பமானி சரியாக இருப்பது இங்கே பெரிய விஷயம்.

ஒரே ஒரு வகையை உள்ளே விடவே கூடாது: பிவிசி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். வேலை செய்பவரின் தொண்டையும் நுரையீரலும்தான் முதலில் பாதிக்கப்படும். பழைய ஃபிளெக்ஸ் பேனர்களில் பிவிசி உண்டு. நம் ஊரில் பேனருக்குக் குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எது எந்தப் பிளாஸ்டிக் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

ஒரு வாளித் தண்ணீர் போதும். சிறு துண்டு வெட்டி, ஈரக்கையால் தேய்த்துக் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வந்துவிடும். பிவிசியும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டும் அடியில் போய் உட்காரும். பால் கவர் மிதக்கும், பேனர் துண்டு மூழ்கும். கழிவை வெட்டும் இடத்தில் இந்தச் சோதனையைப் பெரிய தொட்டியில் செய்தாலே, வரக்கூடாதது பெரும்பாலும் கீழே நின்றுவிடும்.

அப்படியானால் எல்லா பிளாஸ்டிக்கையும் ரோட்டில் போட்டுத் தீர்த்துவிடலாமே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 41 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு சேர்ந்தது. ஒரு வழி ரோட்டில் கிலோமீட்டருக்கு 1 டன் என்றால், அதைத் தீர்க்க ஆண்டுக்கு 41 லட்சம் கிலோமீட்டர் ரோடு போட வேண்டும். இந்தியாவின் மொத்த ரோடு நீளமே சுமார் 63 லட்சம் கிலோமீட்டர்தான். அதாவது நாட்டில் உள்ள ரோட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஒவ்வொரு வருஷமும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். அகலமான ரோடுகளையும் சேர்த்துக் கணக்கைக் குறைத்தாலும் நடக்கிற காரியமா?

இன்னொன்று, ரோட்டுக்கு வேண்டியது சுத்தமான, காய்ந்த, பிவிசி கலக்காத பிளாஸ்டிக். சாம்பார் ஒட்டிய கவரும் வாழைத்தோலும் ஒரே வாளியில் விழும் வீட்டிலிருந்து அது கிடைக்காது. நெறிமுறை இருந்தும் பல ஊர்களில் வேலை மெதுவாக நடப்பதற்கு ரோடு போடும் இடத்தைக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தட்டுப்பாடு தரம் பிரித்த பிளாஸ்டிக்குக்குத்தான். ஆய்வுக்கூடம் தன் வேலையை 2002லேயே முடித்துக் கொடுத்துவிட்டது. நம் அடுக்களையில்தான் வேலை பாக்கி.

ரோடு தேயும்போது மைக்ரோ பிளாஸ்டிக் வெளியேறாதா?

தேய்கிற எதிலிருந்தும் துகள் வரும். 5 மில்லிமீட்டருக்குச் சிறிய பிளாஸ்டிக் துகளைத்தான் மைக்ரோ பிளாஸ்டிக் என்கிறோம். ரோட்டோரத் தூசியில் இதில் பெரும் பங்கு டயர் தேய்மானம். அது எந்த ரோட்டிலும் இருக்கும். பிளாஸ்டிக் ரோட்டில் பூச்சு தாருக்கு அடியில் கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது என்பது நல்ல விஷயம். ஆனால் ரோடு கிழவயதாகி, மேல் தார் தேய்ந்து, கல் பெயரும் கட்டத்தில் அந்தப் பூச்சும் சேர்ந்து வெளியே வரும். அதனால் இப்படிப்பட்ட ரோடு போடும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து வாய்க்கால் மண்ணை ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் செலவு ரோட்டுச் செலவில் தூசுதான்.

தடை வந்து இத்தனை வருஷம் ஆகியும் கவர் ஏன் போகவில்லை?

தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. எந்தத் தடிமனில் இருந்தாலும் கேரி பேக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். மத்திய விதியில் தடிமனைப் பொறுத்து அனுமதி உண்டு, 2022 டிசம்பர் 31 முதல் குறைந்தது 120 மைக்ரான் (0.12 மில்லிமீட்டர்) தடிமன் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் சாயங்காலம் ஒரு கடைவீதியில் நின்று பார்த்தால் கவர் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது.

‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அதை நம்புவதில்லை. யாரைக் கேட்டாலும் பிளாஸ்டிக் கெடுதல் என்றுதான் சொல்கிறார்கள். மனப்பான்மைக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி நுகர்வோர் ஆய்வில் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். 1991இல் உளவியலாளர் ஐசக் அய்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒருவர் ஒன்றைச் செய்வதற்கு விருப்பம் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அதைச் செய்வது தன் கையில் இருக்கிறதா என்ற எண்ணம், இரண்டும் சேர வேண்டும் என்கிறது.

மதுரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வேலை முடிந்து டூவீலரில் வீடு திரும்பும் ஒரு பெண் வழியில் மல்லிகைப்பூ பார்க்கிறார், வாங்குகிறார். அடுத்த கடையில் கொத்தமல்லி மலிவாகக் கிடக்கிறது. காலையில் கிளம்பும்போது இரண்டுமே திட்டத்தில் இல்லை. கடைக்காரர், “அக்கா, பை இருக்கா?” என்கிறார். “இல்லண்ணே, ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.” இங்கே பிளாஸ்டிக்கைப் பற்றிய கருத்து எதுவும் வேலை செய்யவில்லை. திட்டமிடாத கொள்முதல்தான் கவரைக் கேட்கிறது. மாதச் சாமான் வாங்கப் பலசரக்குக் கடைக்குப் போகும் அதே பெண் பை எடுத்துக்கொண்டுதான் போவார்.

கடைக்காரர் பக்கம் பார்த்தால் கதை வேறு. அவர் ஒருவர் மட்டும் கவர் இல்லை என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வரிசையில் இருக்கும் எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. சோதனைக்கு வந்து ஒரு கடைக்கு மட்டும் அபராதம் போட்டுவிட்டுப் போவதால் இது நடக்காது. வியாபாரிகள் சங்கம் தெருத்தெருவாக முடிவெடுத்தால் நடக்கும்.

பை கொண்டு வந்தால் தள்ளுபடி கொடுக்கலாமா? அல்லது கவருக்குக் காசு வாங்கலாமா?

கேட்டால் எல்லாரும் தள்ளுபடிக்குத்தான் கை தூக்குவார்கள். ஆய்வு சொல்வது நேர்மாறு.

அமெரிக்காவில் வாஷிங்டனைச் சுற்றியுள்ள கடைகளில் தாத்யானா ஹோமனாஃப் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. சொந்தப் பை கொண்டு வந்தால் 5 சென்ட் தள்ளுபடி தந்த கடைகளில் பழக்கம் ஏறக்குறைய மாறவே இல்லை. கடைப் பைக்கு 5 சென்ட் வரி போட்டதும் ஒருமுறைப் பை வாங்குவோர் விகிதம் 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. தொகை ஒன்றுதான். ஆனால் கையிலிருந்து போகும் ஐந்து ரூபாய் உறுத்துகிற அளவுக்கு, கைக்கு வரும் ஐந்து ரூபாய் இனிப்பதில்லை. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கிய இழப்பு வெறுப்பு இதுதான்.

அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. போகப்போக மக்கள் அந்தத் தொகைக்குப் பழகிக்கொண்டதால் 2007இல் 22 சென்ட்டாக ஏற்றினார்கள். கட்டணம் என்றால் அவ்வப்போது ஏற்ற வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

தமிழ்நாட்டில் கேரி பேக் முழுவதும் தடை என்பதால் கவருக்குக் காசு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பார்சல் டப்பாவுக்குத் தனியாக, பில்லில் கண்ணுக்குத் தெரியும்படி காசு போடும் உணவகத்தில் தூக்குவாளி கொண்டு வருவோர் கூடுவார்கள் என்று நினைக்கிறேன். விலையில் ஒளித்துவைத்தால் யாருக்கும் உறைக்காது.

கவரைத் தடுத்தால் வேறு பிளாஸ்டிக் கூடிவிடாதா?

ஓரளவு கூடும். கலிஃபோர்னியாவில் பைத் தடைகளை ஆராய்ந்து ரெபெக்கா டெய்லர் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. கடைப் பை ஆண்டுக்கு சுமார் 1.8 கோடி கிலோ குறைந்தது, ஆனால் குப்பைத் தொட்டிக்கு உறை போட மக்கள் விலைக்கு வாங்கிய பைகள் சுமார் 54 லட்சம் கிலோ கூடின. நம் வீட்டிலும் காய்கறிக் கவர்தான் மறுநாள் குப்பைப் பை. அதனால் கவரை நிறுத்தச் சொல்லும்போதே, ஈரக்குப்பையை உறை இல்லாமல் வாளியில் போட்டு, தூய்மைப் பணியாளர் வண்டியில் அப்படியே கொட்டுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடியில் ஒரு பழைய செய்தித்தாள் போட்டால் வாளி கழுவுவது சுலபம்.

துணிப்பை ஆயிரக்கணக்கான தடவை பயன்படுத்தினால்தான் லாபம் என்று படித்தேன். அப்படியானால் மஞ்சப்பை வீணா?

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. எண் உண்மைதான், ஆனால் பாதிக் கதை.

டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டில் (ஒரு பொருளைச் செய்வதிலிருந்து குப்பையாவது வரை அதன் பாதிப்பைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு), பருத்திப் பையைச் சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக்க 7,100 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வருகிறது. ஆனால் அது எல்லாச் சுற்றுச்சூழல் அளவுகளிலும் மிக மோசமானதை, ஓசோன் படலப் பாதிப்பை, வைத்துச் சொன்ன எண். புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் அதே அறிக்கையில் 52 தடவை. இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில் 131 தடவை. கடைக் கவரைக் குப்பைப் பையாகவும் மறுபடி பயன்படுத்தினால் அது 327 வரை போகிறது. நம் கடைக் கவர் டென்மார்க்கின் தடித்த பையைவிட மிக மெல்லியது என்பதால் இங்கிலாந்துக் கணக்குதான் நமக்குக் கொஞ்சம் நெருக்கம்.

இந்த மதிப்பீடுகள் ஒன்றைச் சரியாகச் சொல்கின்றன: பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் மின்சாரமும் நிறையச் செலவாகின்றன. புதிதாக ஒரு துணிப்பை வாங்கிப் பீரோவில் வைத்தால் அது நஷ்டம்தான். அவை எண்ணாத ஒன்றும் இருக்கிறது. வாய்க்காலை அடைக்கும் கவர், மாட்டின் வயிற்றில் சேரும் கவர், இவற்றுக்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. ஒழுங்காகக் குப்பை அள்ளி எரியூட்டி மின்சாரம் எடுக்கும் டென்மார்க்கில் அது சின்ன விஷயமாக இருக்கலாம். வைகையில் அப்படி இல்லை.

மதுரை வீடுகளில் மஞ்சப்பைக்குப் பஞ்சமா என்ன? கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பை வருகிறது. மணமக்கள் பெயர் அச்சடித்த பைகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். அவற்றுக்கான பருத்தி ஏற்கெனவே விளைந்து, நெய்து, சாயம் ஏறிவிட்டது. இனி மிச்சமிருப்பது எத்தனை தடவை கடைக்குப் போகிறது என்பது மட்டும். வாரம் இரண்டு தடவை எடுத்தால் 52 தடவை அரை வருஷத்தில் வந்துவிடும், 327 மூன்றேகால் வருஷத்துக்குள் வந்துவிடும். நல்ல துணியில் தைத்த பை அதற்குமேலும் தாங்கும்.

அதனால் என் யோசனை: கல்யாண வீட்டார் பை தருவதாக இருந்தால் கெட்டித் துணியில், நீளக் கைப்பிடியோடு தையுங்கள். மெல்லிய துணியில் பெரிதாக அச்சடித்த பை இரண்டு தடவை தேங்காய் சுமந்தாலே அடித்தையல் விட்டுவிடுகிறது.

துணி மாதிரியே இருக்கும் பைகள் கடைகளில் வருகின்றனவே, அவை?

ஜவுளிக்கடை, இனிப்புக்கடைகளில் தரும் கலர் பைகளில் பல நெய்யாத பாலிபுரொப்பிலீன். அதுவும் பிளாஸ்டிக்தான், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலின் 14 வகைகளில் இதுவும் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்கு நெடுக்காக நூல் ஓடாது, சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம் தெரியும். சந்தேகமிருந்தால் ஓரத்தில் நகத்தளவு வெட்டி, திறந்தவெளியில் இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் பேப்பர் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி உருண்டு சொட்டும்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ வாங்கினால் பிரச்சினை தீருமா?

நம் வீட்டுத் தோட்டத்தில் தீராது. சோளமாவுப் பை, பாலிலாக்டிக் அமிலப் பை என்று விற்பவை பெரும்பாலும் சுமார் 58 முதல் 60 டிகிரி சூட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும் பெரிய உரக்கூடங்களில் மக்குவதற்காகச் செய்தவை. வாய்க்காலில் விழுந்தால் மற்ற கவர் போலவே கிடக்கும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும்.

பேப்பர் கப்பில் டீ குடிக்கலாமா?

கண்ணாடி டம்ளரில் குடியுங்கள். பேப்பர் கப்பின் உள்பக்கம் பாலிஎத்திலீன் பூச்சு உண்டு. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி சூடுள்ள தண்ணீரை 15 நிமிடம் அந்தக் கப்பில் வைத்தபோது 100 மில்லிக்குச் சுமார் 25,000 நுண்துகள்கள் தண்ணீரில் சேர்ந்ததாகக் கண்டார்கள்.

ஷாம்பு பாக்கெட் போன்றவற்றை ஏன் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்குவதில்லை?

அவற்றின் உறை பல அடுக்கு. வெளியே ஒரு பிளாஸ்டிக், உள்ளே வேறொரு பிளாஸ்டிக், சிலவற்றில் நடுவில் அலுமினியம். ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்கு மதிப்பில்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் இந்தப் பாக்கெட்டுக்கும் தமிழ்நாடுதான் தாய்வீடு. கடலூர் சின்னிகிருஷ்ணன் தொடங்கிய யோசனையை, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983க்குப் பிறகு சிக் ஷாம்பு மூலம் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். தினக்கூலிக்காரரும் தலைக்கு ஷாம்பு போட முடிந்தது அதனால்தான், அந்த நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதலும் சொல்கின்றன. வாங்கியவரைக் குற்றம் சொல்வதை விட்டு அந்த விதியை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்பதே நியாயம்.

கல்லூரி மாணவர்கள் மதுரையில் என்ன ஆய்வு செய்யலாம்?

செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஓரமாக நின்று, வருவோரை மூன்று கட்டத்தில் குறியுங்கள்: சொந்தப் பை கொண்டு வந்தவர், கவர் கேட்டு வாங்கியவர், கேட்காமலேயே கவர் கொடுக்கப்பட்டவர். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அதில் எண்ணிக்கை அதிகம் என்றால் மாற்ற வேண்டியது வாடிக்கையாளரின் மனத்தை அல்ல, கடைக்காரரின் கைப்பழக்கத்தை. ‘கேட்டால் மட்டும் கொடுங்கள்’ என்று சொல்லிப் பார்த்து மறுபடி எண்ணலாம். காலை, மாலை தனித்தனியாக எண்ண மறக்காதீர்கள். பெயரோ படமோ எடுக்காதீர்கள்.

கேள்வித்தாள் கொடுத்து மட்டும் செய்யும் ஆய்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. ‘பை கொண்டு போவீர்களா?’ என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வாசலில் எண்ணியதையும் தாளில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியே நல்ல கட்டுரையாகும்.

வேதியியல், சிவில் மாணவர்களுக்கு: ஒரு தெருவின் ஒருநாள் பிளாஸ்டிக்கை வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பது, மூழ்குவது எவ்வளவு என்று எடை போடுங்கள். ரோட்டுக்கு ஆகக்கூடியது எத்தனை கிலோ என்று தெரியும். அதையே வெட்டி ஜல்லியில் பூசி, தார் கலந்து, 60 டிகிரி தண்ணீரில் வைத்து மார்ஷல் சோதனை செய்யலாம். ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிய சுத்தமான பிளாஸ்டிக் மணிகளில் வரும் விடையும் சொந்தத் தெருக் குப்பையில் வரும் விடையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு: கிருதுமால் நதியின் கரை மண்ணை எடுத்துக் காயவைத்து, அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கினால் மண் அடியில் தங்கும், லேசான பிளாஸ்டிக் துகள் மிதந்து வரும். இலைதழைகளை ஹைட்ரஜன் பெராக்சைடால் அகற்றி, நைல் ரெட் சாயமிட்டு நுண்ணோக்கியில் எண்ணலாம். சாதா உப்புக் கரைசலில் பெட், பிவிசி துகள்கள் மிதக்காது, அவற்றுக்குத் துத்தநாகக் குளோரைடு போன்ற கனமான கரைசல் வேண்டும். சோதனைக்கூடத்தில் பருத்திக் கோட்டு போடுங்கள், நைலான் சேலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் உதிரும் இழை கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்றையும் ஒரே தெருவில், ஒரே மாதத்தில், மூன்று துறை மாணவர்களும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. திருப்பரங்குன்றம் பக்கமே பொறியியல் கல்லூரியும் மேலாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி நாகமலைப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம். ஒரு பஸ் தூரம்தான்.

பால் கவரை என்ன செய்வது?

தடைப் பட்டியலில் பால் கவர் இல்லை, விலக்கு உண்டு. நல்ல தரமான பாலிஎத்திலீன் என்பதால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். கத்தரிக்கும்போது மூலையைத் தனியாக நறுக்கி எறியாதீர்கள், அந்தச் சிறு முக்கோணத்தை எந்தக் குப்பை பொறுக்குபவரும் எடுக்க முடியாது. பாதி வெட்டி, துண்டு கவரிலேயே தொங்கும்படி விடுங்கள். பாலை ஊற்றியதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, கவரை கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டே நாளில் நாறும், கடைக்காரரும் வாங்கமாட்டார்.